ஸ்பைரல் மிக்சரில் கோளாறு: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

ஒரே ஈட்டில், அதாவது ஒரு தடவை பிசையும் அளவில், ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ மைதாவைப் பிசையக்கூடிய, மும்முனை மின்சாரத்தில் ஓடும் ஸ்பைரல் மிக்சரை மனத்தில் வைத்து இக்குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. தொட்டி மெதுவாகச் சுழல, அதனுள் சுருள் கொக்கி வேகமாகச் சுழல, நடுவில் அசையாமல் நிற்கும் தண்டு மாவைப் பிளந்து கொடுப்பதே இவ்வகை இயந்திரத்தின் அமைப்பு. முதல் வேகத்தில் மைதாவும் தண்ணீரும் கலக்கின்றன. இரண்டாம் வேகத்தில்தான் மாவின் பசைச்சத்து இழுபட்டு வலுப்பெறுகிறது. இதில் குழப்பம் வேண்டாம் என்பதற்காக, உலர்ந்த பொடியை மைதா என்றும், பிசைந்ததை மாவு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

பேக்கரி மாஸ்டர் மிஷின் சரியில்லை என்பார். பழுது பார்க்க வந்தவர் மாவுதான் சரியில்லை என்பார். என் அனுபவத்தில் இருவரும் பாதி சரி. பேனலைத் திறக்க வேண்டிய கோளாறு என்று அழைக்கப்பட்டுப் போன இடங்களில் தராசும் வெப்பமானியும் போதுமானதாக இருந்ததுண்டு. தண்ணீர் அதிகம் என்று பல நாள் திட்டு வாங்கிய உதவியாளர் ஒருவரின் மீது பிழையே இல்லாமல், பெல்ட் வழுக்கியதே காரணமாக இருந்ததும் உண்டு. ஆகவே ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு தராசு, மாவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி, விநாடி காட்டும் கடிகாரம், சாக்பீஸ் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் எலக்ட்ரீஷியனின் கையில் இருக்கட்டும்.

தொட்டிக்குள் கை வைக்க வேண்டிய எந்தச் சோதனைக்கும் முன்னால், இயந்திரத்தில் உள்ள நிறுத்து பட்டனை நம்பாமல், சுவரில் உள்ள மெயின் சுவிட்சையே அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பேனலுக்குள் செய்யும் எந்த வேலையும் எலக்ட்ரீஷியனுக்கு உரியது.

பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை

முதலில் எமர்ஜென்சி பட்டன் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டையைச் சாய்க்கும்போது முழங்கை பட்டு அது உள்ளே போயிருப்பது மிகச் சாதாரணம். திருகினால் வெளியே வந்துவிடும். அடுத்து, டைமர் பூஜ்யத்தில் நின்றிருந்தால் பல இயந்திரங்கள் கிளம்பாது. மூன்றாவதாக, தொட்டியின் மேல் உள்ள கம்பி மூடி முழுவதுமாக இறங்கியிருக்க வேண்டும். மூடியின் கீல் அருகே உள்ள சிறிய லிமிட் சுவிட்சில் மைதா படிந்து இறுகிப்போனால், மூடி மூடியிருந்தும் இயந்திரம் அதைத் திறந்ததாகவே எடுத்துக்கொள்ளும். உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்தச் சுவிட்ச் தொல்லை கொடுக்கிறது என்று ஒரு வயர் துண்டைப் போட்டு அதை நிரந்தரமாக இணைத்துவிடும் வழக்கம் நம் பேக்கரிகளில் பரவலாக உள்ளது. மூடி திறந்திருக்கும்போதே கொக்கி சுழலும் அப்படியொரு இயந்திரத்தை நான் பழுது பார்ப்பதில்லை. முதலில் அந்த வயரை எடுத்த பிறகே மற்ற வேலையைத் தொடங்குவேன். கொக்கிக்கும் நடுத்தண்டுக்கும் இடையில் அகப்பட்ட கை திரும்பி வராது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அசைவில்லை என்றால், பேனலில் உள்ள பேஸ் பாதுகாப்பு ரிலேயின் விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். மும்முனை மின்சாரத்தின் மூன்று முனைகளான பேஸ்களில் ஒன்று வராமல் போனாலோ, வரிசை மாறியிருந்தாலோ அது இயந்திரத்தைக் கிளம்பவிடாது. அப்போது கோளாறு இயந்திரத்தில் இல்லை. ஈபி லைனிலோ ஃபியூஸிலோ இருக்கிறது.

உறுமுகிறது, ஆனால் சுழலவில்லை

உடனே அணைத்துவிடுங்கள். ஒரு பேஸ் இல்லாமல் நிற்கும் மோட்டார் அந்த உறுமலோடு சில நிமிடங்களிலேயே எரிந்துபோகும். மூன்று பேஸ்களும் ஸ்டார்ட்டருக்குள் வருகின்றனவா, ஸ்டார்ட்டரைத் தாண்டி மோட்டாருக்கும் போகின்றனவா என்று இரண்டு இடங்களிலும் பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டருக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரின் முனைகளில் ஒன்று கருகிப்போயிருந்தால் உள்ளே மூன்று வரும், வெளியே இரண்டுதான் போகும். ஒற்றைப் பேஸில் ஓடும் சிறிய மிக்சராக இருந்தால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மீது விழ வேண்டும். மின்சாரம் சரியாக இருந்தால், முந்தைய இரவில் மீந்த மாவு கொக்கியின் அடியில் காய்ந்து கல்லாகிவிட்டதா என்று பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதி ஈட்டில் நின்றுவிடுகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். ஓவர்லோட் ரிலே விழுகிறது என்றால் மோட்டார் தன் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுக்கிறது என்று பொருள். ரிலேயில் உள்ள திருகை ஏற்றிவைத்தால் அன்றைய வேலை ஓடும், சில வாரங்களில் மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போகும். ரிலேயின் அளவு மோட்டாரின் பெயர்ப்பலகையில் பொறித்துள்ள ஆம்பியருக்குச் சமமாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

முதல் காரணம் எடை. விற்பனைத் தாளில் எழுதியிருக்கும் கிலோ, மைதாவின் எடையா, பிசைந்த மாவின் எடையா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 50 கிலோ மைதாவோடு 30 லிட்டர் தண்ணீர், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை சேர்ந்தால் தொட்டியில் கிடப்பது 90 கிலோவை நெருங்கும். 80 கிலோ மாவுக்கான இயந்திரத்தில் இது சுமை மீறலே.

இரண்டாவது காரணம் மாவின் கெட்டித்தன்மை. இயந்திரத்தின் கொள்ளளவு பொதுவாக மைதாவின் எடையில் 60 சதவீத அளவில் தண்ணீர் சேர்த்த ரொட்டி மாவைக் கொண்டே சொல்லப்படுகிறது. 45 அல்லது 50 சதவீதத் தண்ணீரில் ரஸ்க்குக்கோ வேறு கெட்டிப் பண்டத்துக்கோ அதே எடையைப் பிசைந்தால், மோட்டாருக்கு அது வேறொரு வேலை. அத்தகைய ஈட்டைப் பாதியாகக் குறைத்து, முதல் வேகத்திலேயே முடிப்பது நல்லது.

மூன்றாவது காரணம் வோல்டேஜ். 415 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 360 தான் இருக்கிறது என்றால், அதே மாவைச் சுழற்ற மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தாக வேண்டும். இதை அளக்கும்போது இயந்திரம் நின்றிருக்கையில் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடக் கூடாது. நான் பார்த்த ஒரு பேக்கரியில் விடியற்காலை நான்கரை மணி ஈடு மட்டும் நின்றுகொண்டே இருந்தது. பகல் ஈடுகளில் ஒரு குறையும் இல்லை. அங்கேயே இரவு தங்கி மீட்டரை மாட்டிவைத்துப் பார்த்தபோது, மின் அடுப்பின் ஹீட்டர்களைப் போட்ட அந்த நிமிடமே மிக்சரின் வோல்டேஜ் சரிந்தது. அடுப்புக்கும் மிக்சருக்கும் ஒரே கேபிள், அதுவும் மெல்லியது. கடையைப் பின்கட்டுக்கு நீட்டியபோது பழைய கேபிளையே இழுத்து நீட்டியிருந்தார்கள். மிக்சருக்குத் தனிக் கேபிள் போட்ட அன்றோடு பிரச்சினை தீர்ந்தது. அதற்கு முன் இரண்டு மோட்டார்கள் மாற்றப்பட்டிருந்தன.

எடையும் தண்ணீரும் வோல்டேஜும் சரியாக இருந்தால் மட்டுமே இயந்திரத்துக்குள் போக வேண்டும். காலித் தொட்டியோடு ஓட்டும்போதே மின்னோட்டம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால், பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கலாம் அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கலாம்.

கொக்கி ஓடுகிறது, தொட்டி தயங்குகிறது அல்லது நிற்கிறது

தொட்டியின் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காலியாக ஒரு நிமிடம் ஓட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். பின்னர் முழு மாவோடு எண்ணுங்கள். சுமையில் மோட்டாரின் வேகம் சற்றே குறைவது இயல்புதான், ஆனால் 15 சுற்று 12 ஆக இறங்கினால் எங்கோ வழுக்குகிறது. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை தரும் தெளிவை நான் வேறு எதிலும் கண்டதில்லை.

வழுக்குவது பெரும்பாலும் பெல்ட். மைதாப் பொடியும் கிரீஸும் சேர்ந்து பெல்ட்டின் பக்கங்களில் கண்ணாடி போன்ற பளபளப்பை ஏற்படுத்தியிருக்கும். அதைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மூன்று பெல்ட்கள் ஓடும் இடத்தில் ஒன்று மட்டும் அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் பழைய இரண்டும் நீண்டிருப்பதால் புதியதே முழுச் சுமையையும் தூக்கும், விரைவில் அதுவும் அறும். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இறுக்கத்தைப் பொறுத்தவரை, இரண்டு புல்லிகளுக்கு இடையில் உள்ள நீளத்தில் ஒவ்வொரு 100 மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் உள்ளே அமுங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 400 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 6 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இரண்டு புல்லிகளும் நேர்கோட்டில் உள்ளனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள். புதிய பெல்ட் முதல் இரண்டு நாளில் சற்று நீளும் என்பதால் மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும்.

தொட்டி எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது என்றால், முதலில் யாராவது ரிவர்ஸ் பட்டனை அழுத்தினார்களா என்று பாருங்கள். பல இயந்திரங்களில் அந்த வசதி உண்டு. இல்லையென்றால், பேஸ் பாதுகாப்பு ரிலே இல்லாத இயந்திரத்தில் பேஸ் வரிசை மாறியிருக்கிறது. டிரான்ஸ்பார்மரில் வேலை நடந்த மறுநாளும், ஜெனரேட்டரைப் புதிதாக இணைத்த அன்றும் இது நிகழும். ஈபியில் சரியாகவும் ஜெனரேட்டரில் தலைகீழாகவும் ஓடினால், ஜெனரேட்டர் பக்கத்து இணைப்பில் ஏதேனும் இரண்டு வயர்களை எலக்ட்ரீஷியன் இடம் மாற்றினால் போதும். மிக்சர் பேனலில் மாற்றினால் ஈபியில் ஓடும்போது தலைகீழாகிவிடும்.

மாவு கொக்கியில் ஏறுகிறது. அல்லது அடியில் மைதா வறண்டு கிடக்கிறது

ஈடு மிகச் சிறியதாக இருந்தால் மாவு கொக்கியைச் சுற்றிக்கொண்டு அதனோடே சுழலும், பிசைபடாது. மாவு மிகக் கெட்டியாக இருந்தாலும், மேலே சொன்னபடி தொட்டி வழுக்கினாலும் இதே காட்சிதான். அடியில் மைதா தங்குவதற்கு, தண்ணீருக்கு முன் மைதாவைக் கொட்டும் பழக்கமே பெரும்பாலும் காரணம். தண்ணீரில் பெரும்பகுதியை முதலில் ஊற்றிப் பாருங்கள். அப்படியும் தங்கினால் கொக்கிக்கும் தொட்டியின் அடிக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். அது சில மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தொடவும் கூடாது. காய்ந்த மாவின் மீதோ பெரிய பனிக்கட்டியின் மீதோ ஓட்டியதால் வளைந்த கொக்கியை நீங்களே அடித்து நிமிர்த்த முயல வேண்டாம்.

மாவு சூடாக வருகிறது

நம் ஊர்க் கோடையில் பிசைந்து முடித்த மாவு 31, 32 டிகிரியில் வருவதும், உருட்டி முடிப்பதற்குள் பாதி பன்கள் பொங்கிவிடுவதும் வழக்கம். இயந்திரத்தின் உராய்வு சூட்டைச் சேர்க்கத்தான் செய்யும். அதைக் கோளாறு என்று கொள்ளக் கூடாது, கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில் உங்கள் இயந்திரத்தின் உராய்வு எண்ணைக் கண்டுபிடியுங்கள். வழக்கமான ஓர் ஈட்டைப் பிசைந்து, மாவின் வெப்பத்தை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறை, மைதா, ஊற்றிய தண்ணீர் ஆகிய மூன்றின் வெப்பத்தையும் கழியுங்கள். மாவு 29, அறை 32, மைதா 31, தண்ணீர் 12 என்றால், 87இல் 75 போக மீதி 12. இதுவே அந்த இயந்திரத்தில், அந்த அளவு ஈட்டுக்கு, அத்தனை நிமிடப் பிசைவுக்கு உரிய எண். நேரத்தையோ எடையையோ மாற்றினால் மீண்டும் அளக்க வேண்டும்.

மறுநாள் அறை 33, மைதா 32, உங்களுக்கு வேண்டிய மாவு 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து 33, 32, 12 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 77ஐக் கழித்தால், தண்ணீர் 1 டிகிரியில் இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ 29 டிகிரி. எவ்வளவு பனிக்கட்டி வேண்டும் என்பதற்கு, மொத்தத் தண்ணீரின் எடையை, குழாய்க்கும் தேவைக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, குழாய் வெப்பத்தோடு 80ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 80 என்பது பனிக்கட்டி உருகுவதற்கு உள்ளிழுக்கும் வெப்பத்தின் கணக்கு. 30 கிலோவை 28ஆல் பெருக்கி 109ஆல் வகுத்தால் 7.7 கிலோ பனிக்கட்டி, மீதி 22.3 லிட்டர் தண்ணீர். விடை பூஜ்யத்துக்குக் கீழே வந்தாலும் பதற வேண்டாம், அதே கணக்கு செல்லும். பனிக்கட்டியின் பங்கு கூடும், அவ்வளவுதான்.

பனிக்கட்டியைச் சீவலாகவோ நன்கு நொறுக்கியோ போடுங்கள். பாளமாகப் போட்டால் கொக்கியில் இடிப்பதோடு, பிசைந்து முடித்த பின்னும் மாவுக்குள் ஈரத் திட்டுகள் நிற்கும். குடிநீரில் செய்த பனிக்கட்டியாக அது இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமே. மைதா மூட்டைகளை அடுப்புச் சுவரை ஒட்டி அடுக்குவதை நிறுத்தியதாலேயே இரண்டு டிகிரி குறைந்த கடைகள் உண்டு.

கணக்கு சரியாக இருந்தும் மாவு திடீரென்று சில நாட்களாகச் சூடேறுகிறது என்றால், அப்போது இயந்திரத்தைச் சந்தேகியுங்கள். தொட்டி வழுக்கினால் கொக்கி ஒரே இடத்து மாவைத் திரும்பத் திரும்ப அரைத்துச் சூடாக்கும். மாஸ்டரும் மாவு சேரவில்லை என்று நேரத்தைக் கூட்டுவார்.

அதே அளவுகள், ஆனால் மாவு தளர்ந்து பிசுபிசுக்கிறது

எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, ஈரக் கையால் மெல்ல விரித்து, விளக்குக்கு நேரே பிடியுங்கள். கிழியாமல் வெளிச்சம் ஊடுருவும் சவ்வாக விரிந்தால் பிசைவு சரி. கரடுமுரடாகக் கிழிந்தால் பிசைவு போதவில்லை; மேற்புறம் ஈரமாகப் பளபளத்து, இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் நூல் நூலாக நீண்டால் பிசைவு மீறிவிட்டது. மீறியதை மீட்க வழியில்லை, அடுத்த ஈட்டில் இரண்டாம் வேகத்தின் நேரத்தைக் குறைக்கலாம்.

பிசைவு சரியாக இருந்தும் தளர்கிறது என்றால் உப்பு போட்டார்களா என்று கேளுங்கள். உப்பில்லாத மாவு தொட்டாலே ஒட்டும். மூட்டையின் பிராண்டோ லாட்டோ மாறியிருந்தால், அது குடிக்கும் தண்ணீரும் மாறும். டைமரைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். ஜெனரேட்டரில் ஓட்டும் நாட்களில் மட்டும் மாவு சேரவில்லை என்றால், மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து 47க்கு இறங்கியிருக்கலாம். கொக்கியின் வேகம் 6 சதவீதம் குறையும், 8 நிமிடப் பிசைவில் அரை நிமிடம் காணாமல் போகும்.

மாவை வலுப்படுத்தச் சேர்க்கப்பட்டுவந்த பொட்டாசியம் புரோமேட்டை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. பிசைவில் விட்ட குறையை அந்தப் பொருள் மாவு பொங்கும்போதும் அடுப்பின் முதல் நிமிடங்களிலும் மூடி மறைத்துவந்தது. முன்பு இதே நேரம் போதுமாக இருந்ததே என்று சொல்லும் மூத்த மாஸ்டர்களிடம் நான் இதைத்தான் நினைவூட்டுவேன்.

சத்தம், வாடை, ஷாக்

கிளம்பும்போது மட்டும் கீச்சென்று கத்தினால் பெல்ட். வேகத்தோடு கூடிக் குறையும் உறுமலாக இருந்தால் பேரிங். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் உறையில் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்தால் எந்தப் பக்கம் என்று தெரியும், ஆனால் சுழலும் எதற்கும் அருகில் அதைச் செய்யக் கூடாது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று கேட்டால் கொக்கி தொட்டியில் எங்கோ உரசுகிறது. ரப்பர் கருகும் வாடை பெல்ட்டுடையது. வார்னிஷ் போன்ற காட்டமான வாடை மோட்டார் காயிலுடையது, அடுத்த விநாடியே அணைக்க வேண்டியது.

தொட்டியைத் தொட்டால் சுரீரென்கிறது என்று யாராவது சொன்னால், ஈரத் தரை, ஈரக் கை என்று காரணம் சொல்லிக்கொண்டிராமல் மெயினை அணையுங்கள். எர்த் இணைப்பைச் சோதித்துச் சான்று சொல்லும்வரை அந்த இயந்திரத்தில் ஒரு கிலோ மாவும் பிசையக் கூடாது.

மாவில் கரும்புள்ளி, எண்ணெய்த் தடம், உலோகத் துகள்

கொக்கித் தண்டு மேலிருந்து இறங்கும் இடத்தில் உள்ள சீல் தேய்ந்தால் கிரீஸ் சொட்டும். வெள்ளைத் துணியால் அந்த இடத்தைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கறை பட்டால் ஐயம் தீர்ந்தது. அந்த ஈட்டைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கே இடமில்லை, முழுவதும் கழிவுக்குப் போக வேண்டும். சீலை மாற்றும்போது உணவுத் தொழிலுக்கென்று விற்கும் கிரீஸையே இடுங்கள், லாரிக்கு வாங்கிய டப்பாவிலிருந்து எடுக்க வேண்டாம். மினுக்கும் துகள்கள் தெரிந்தால் கொக்கி உரசுகிறது; அதைச் சரிசெய்யும்வரை ஓட்டக் கூடாது, அதே ஷிப்டில் முன்பு பிசைந்த ஈடுகளையும் நிறுத்திவைத்துச் சோதிக்க வேண்டும்.

பழுது முடிந்த பின்

பத்து நிமிடம் காலியாக இரண்டு வேகங்களிலும் ஓட்டி, மூடியைத் தூக்கினால் உடனே நிற்கிறதா என்று பாருங்கள். பின்னர் பாதி ஈடு, அதன் பின்னரே முழு ஈடு. ஒவ்வொரு நிலையிலும் மூன்று பேஸ்களின் ஆம்பியரையும், தொட்டியின் நிமிடச் சுற்றையும், மாவின் வெப்பத்தையும், தேதியோடு பேனல் கதவின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் எழுதினால் அது மைதாவோடு போய்விடும்.